லைனில் பழுது

மூன்றாம் தடவையும் தூக்கிக்கொண்டு வந்தார்
பிள்ளைமடுவத்தில் வேலை பார்க்கும் அற்புதமேரி.
பொகவந்தலாவை பஸ்ஸில், மடியில்,
உரப்பையில் சுற்றிய பதினொரு கிலோ ரிசீவர்.
“ஒங்க கடையில பாடுது.
எங்க ஊட்டுக்கு வந்தா படுத்துக்குது.”

மூடியைக் கழற்றினேன், மறுபடி.
பத்துத் திருகாணி. ஒன்று எப்போதும் உருண்டோடும்.
உள்ளே தம்பி வேலை செய்த கத்தாரின் மணல் கொஞ்சம்,
அதன்மேல் நம்முடைய ஈரம்,
இரண்டும் குழைந்து ஒரு மெல்லிய களிம்பு.
துடைத்தேன்.
கெப்பாசிட்டர் எதற்கும் தலை வீங்கவில்லை.
ஈயப் பற்றுகளைக் குச்சியால் தட்டித் தட்டிக் கேட்டேன்.
ஸ்பீக்கர் வயரில் பிசிறு இல்லை.
ரிலே ‘டக்’ என்றது.
இடது பாடியது, வலது பாடியது,
ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கொண்டக்டர்மார் போட்ட கூச்சலை
ஒரு மணி நேரம் இரண்டுமாய் அமுக்கிவைத்தன.

பழுதில்லாத பொருளை முன்னே வைத்துப்
பழுது தேடுவது,
பொய் சொல்லாதவனை அடித்து விசாரிப்பது மாதிரி.
கை கூசியது.
“ஞாயித்துக்கிழமை நானே வாறேன்” என்றேன்.

போனேன். மீட்டரும் டோர்ச்சும் பையில்.
பிளக்கில் முனையைக் குத்தினால்
ஐந்து மணிக்கு இருநூற்று நான்கு.
பிளேன்டீ வந்தது. குடித்தேன்.
ஐந்தே முக்காலுக்கு மூன்றாம் காம்பராவில் குக்கர்;
சுவருக்கு அப்பால் யாரோ சட்டை அயன் பண்ணினார்கள்;
பன்னிரண்டு வீட்டிலும் ஒவ்வொன்றாய் விளக்கு.
நூற்றெண்பது.
நூற்று எழுபத்தொன்று.
நூற்று அறுபத்து மூன்றில்
ரிலே ‘டக்’ என்று கைவிட்டது.
‘புரொடெக்ட்’ என்று சிவப்பில் கண் சிமிட்டியது பெட்டி.

மற்றதெல்லாம் பழகிக்கொண்டிருந்தது.
பல்பு, பழுத்த எலுமிச்சை நிறத்தில் எரியப் பழகியிருந்தது.
குக்கர், சோற்றுக்கு அரைமணி கூட எடுக்கப் பழகியிருந்தது.
பிள்ளைகள் புத்தகத்தை மூக்கோடு சேர்த்துப்
பிடிக்கப் பழகியிருந்தார்கள்.
இது ஒன்றுதான்
வெளியூரில் வளர்ந்த சாமான்,
கிடைத்ததை வைத்துச் சமாளி என்றால்
வாயை மூடிக்கொண்டது.

வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.
ஐந்தாம் காம்பராவுக்கும் ஆறாம் காம்பராவுக்கும் நடுவில்,
தகரத்துக்குக் கீழே, ஒரு முறுக்கு.
கொழுந்துச் சாக்கின் கிழிசலால் கட்டு.
தொட்டால் சுட்டது. கரிந்த வாடை.
“இது யாரு முறுக்கினது?”
“போன எலெக்‌ஷனுக்கு முந்தின கிழமைதானே
அவசரமா கரண்டு வந்திச்சு” என்றார் ஒருவர்.
“அதுக்கு முந்தின எலெக்‌ஷன்” என்றார் இன்னொருவர்.
அதில் ஒரு சண்டை தொடங்கிற்று.

மெயினை இறக்கினேன்.
பன்னிரண்டு வீடும் இருண்டு, பிள்ளைகள் ஹோ என்றார்கள்.
கறுத்ததை வெட்டி, செம்பு மினுங்கும்வரை சுரண்டி,
புது கனெக்டரில் இறுக்கினேன்.
டோர்ச் பிடித்த வேலாண்டிக்குக் கை நடுங்கியது;
மழை தொடங்கியிருந்தது.

மெயினை ஏற்றினேன். இருநூற்று இருபத்தொன்று.
ரிசீவர் ஐந்து விநாடி யோசித்தது.
டக்.
“மத்திய மலைநாட்டில் இன்றிரவு மழை பெய்யக்கூடும்”
என்றது, இரண்டு பக்கமும்,
தகரத்தின் இரைச்சலுக்கு மேலால்.
அற்புதமேரி சத்தத்தைக் கூட்டினார்.
மழை அறிக்கைக்கு இவ்வளவு சத்தம்
யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

பில் புத்தகத்தில் ‘பழுது’ என்ற கட்டத்தில்
‘லைன்’ என்று எழுதினேன்.
எந்த லைன் என்று எழுத இடமில்லை.

மை காயவில்லை,
ஒன்பதாம் காம்பராக்காரி வாசலில் வந்து நின்றார்,
கையில் கறுத்துப்போன பல்பு.
“நல்லா எரிஞ்சிக்கிட்டிருந்திச்சு.
நீங்க வந்துதான் இப்பிடி.”

நூற்றெண்பது ரூபாயைக் கழித்துக்கொண்டு
மிச்சத்தைத் தந்தார் அற்புதமேரி.