பதினான்காம் கேள்வி

காய்ச்சல் போய் மூன்றாம் வாரம் படிவம் வந்தது.
இருபது கேள்விகள். பெயர் எழுத வேண்டாம்.
நிரப்புபவர்களில் ஒருவருக்குக் குலுக்கலில்
காப்பிக்கடைக் கூப்பன்.

சலவை அறையில் உட்கார்ந்து நிரப்புகிறேன்.
எந்திரம் போர்வையைப் புரட்டிப் புரட்டிப் போடுகிறது.
செயின்ட் ஜான்ஸில் இன்றும் மூடுபனி.
துறைமுகச் சங்கு ஊதுகிறது,
அந்தப் பக்கம் யாரும் இல்லாதது போல.

முதல் பதின்மூன்றும் சுலபம்.
மின்னஞ்சல்கள் தெளிவாக இருந்தனவா?
இருந்தன. நாளைக்கு மூன்று.
'மிகுந்த முன்னெச்சரிக்கையுடன்' என்று தொடங்கித்
தலைவரின் கையெழுத்தில் முடியும்.
நான்காம் மாடியில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள்
என்பதைத் தவிர எல்லாம் இருந்தது அதில்.
உணவு நேரத்துக்கு வந்ததா?
வந்தது. கதவுக்கு வெளியே சூப், ஓர் ஆரஞ்சு.
கரண்டி இல்லை.
எட்டு நாளும் கரண்டி இல்லை.
கோபமில்லை, சும்மா சொல்லிவைக்கிறேன்.

பதினான்கு:
பல்கலைக்கழகம் உங்களைக் கவனித்துக்கொண்டதா?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் குறிக்கவும்.

யாரைப் பற்றிக் கேட்கிறீர்கள்?

பிரெண்டன் ஃபூட்டைப் பற்றியா?
வயது இருபது. மாடிப் பொறுப்பாளன்.
வாடகையில் பாதி தள்ளுபடி, அதுதான் சம்பளம்.
ஒரு தெர்மாமீட்டர், நாற்பத்தாறு கதவுகள்.
முழங்கையால் தட்டிக்கொண்டே போவான்.
ஆறாம் நாள் தட்டும் சத்தம் வரவில்லை.
அவன் கதவை யார் தட்டுவது என்று
எந்த மின்னஞ்சலிலும் எழுதியிருக்கவில்லை.

புள்ளியியல் பேராசிரியரைப் பற்றியா?
மருத்துவமனைப் பக்கம் வராதீர்கள் என்று
மருத்துவமனையே சொன்ன வாரத்தில்
சான்றிதழ் கேட்டவர்.

தபேயா செமிகாக் என் அறைத்தோழி.
லாப்ரடார் கரையில் நெயின் அவள் ஊர்.
சாலை கிடையாது. பனி விட்டால் ஒரு குட்டி விமானம்.
'முடிந்தவர்கள் வீட்டுக்குச் செல்லலாம்,
டிக்கெட் செலவை ஏற்கிறோம்' என்றார்கள்.
நல்ல மனதோடுதான் சொன்னார்கள்.
போகவில்லையா என்றேன்.
சாக்ஸ் மடித்துக்கொண்டே சொன்னாள்:
'ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டில்
ஒரு கப்பல் வந்தது எங்கள் கரைக்கு.
சரக்கு இறக்கியது, காய்ச்சலையும் இறக்கியது.
ஓக்காக் என்று ஓர் ஊர் இருந்தது.
நான் கப்பலாக மாட்டேன்.'
அவ்வளவுதான். ஜோடியில்லாத ஒரு சாக்ஸை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

அவளுக்கு முப்பத்தொன்பதரை ஏறிய இரவு
உதவி எண்ணை அழைத்தேன்.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.
பிறகு பியானோ, நாற்பது நிமிடம்.
ஃபோனைத் தலையணையில் வைத்துவிட்டு
என் சட்டையை நனைத்து அவள் நெற்றியில் போட்டேன்.
கண் திறக்கவில்லை,
ஆனால் விரல் தாளம் போட்டது.
சிரித்தேன். சிரித்ததற்காக அழுதேன்.
விடிய மூன்று மணிக்கு ஒரு பெண் எடுத்தாள்.
குரல் கட்டியிருந்தது, அவளுக்கும் காய்ச்சல் போல.
தண்ணீர் கொடுத்தாயா கண்ணே என்றாள்.
இணைப்பைத் துண்டிக்காமல்
வெளிச்சம் வரும்வரை கூடவே இருந்தாள்.
அவள் பெயர் கேட்கத் தோன்றவில்லை.

பதினான்கை வெறுமையாக விட்டேன்.
சிவப்பில் எழுந்தது: இது கட்டாயக் கேள்வி.
மூன்று போட்டேன்.
யாருக்கும் பொருந்தாத மூன்று.

பிற கருத்துகள், இருநூறு எழுத்துகளுக்குள்:
பிரெண்டனின் அறை நானூற்றுப் பன்னிரண்டு.
அடுத்த முறை முதலில் அதைத் தட்டுங்கள்.
கரண்டியும் வையுங்கள்.

எந்திரம் நின்றுவிட்டது.
போர்வை இன்னும் ஈரம்.
சில்லறை தேடுகிறேன்.