பாவனை: பூச்சியம் அலகு

நுவரெலியாவில் ஆளில்லாத பங்களா ஒன்றுக்கு
மீற்றர் பார்க்கப் போனேன்.
சுவரோரம் காய்ந்த காய்கள்
காற்றுக்குக் கிலுகிலுத்தன.
தோட்டக்காரர் குணபால "கொலம்பைன்" என்றார்.
பட்டியல் தாளைக் கூம்பாக மடித்து நீட்டினேன்.
ஒரு தட்டுத் தட்டினார்,
கறுத்துப் பளபளக்கும் பொடி விதை.

குளிரில் ஒரு மாதம் கிடந்தால்தான் விழிக்குமாம்.
எங்கள் ஊர்க் குளிர் அதற்குப் போதாதாம்.

வீட்டில் பிரிட்ஜ் இல்லை.
ராகலைச் சந்தியில் நிஸ்தார் நானா
பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார்.
"கருஞ்சீரகமா? மரணம் தவிர எல்லாத்துக்கும் மருந்து."
"இல்லை நானா, கொலம்பைன்."
"கொழும்புப் பைனா?
இருக்கிற பைன் மரம் குடிக்கிற தண்ணி போதாதா இந்த மலைக்கு?"
சொல்லிக்கொண்டே
மாஜரினுக்கும் தயிர்ச் சட்டிக்கும் நடுவே
இடம் ஒதுக்கினார்.
ஈர மணலில் முப்பது நாள்.
இடையில் இரண்டு தரம் கரண்ட் போனது,
இரண்டு தரமும் என்னைத்தான் ஏசினார்.

ஆவணியில் விதைத்தேன்.
விதைத்தேன் என்பதுகூடப் பிழை.
மீன் வந்த ரெஜிபோம் பெட்டியில் மண் நிரப்பி,
மேலே தூவி, விரலால் ஓர் அழுத்து.
வெளிச்சம் படவேண்டும், மூடக்கூடாது.
"மண் போடாத விதையைக் குருவிதான் அறுக்கும்"
என்றாள் பவளராணி.
என்றவளே
கிழிந்த நுளம்பு வலையில் ஒரு துண்டு வெட்டிவந்து
போர்த்திவிட்டாள்.

இருபத்தாறாம் நாள் வரை பாசிதான்.
இருபத்தேழில்
ஊசிமுனை அளவு பச்சை, பதினொன்று.

பிறகு கொத்தமல்லி மாதிரி இலை.
இரண்டை அவள் வேரோடு கிள்ளி, முகர்ந்து,
வாசமில்லை என்று எறிந்தாள்.
மிச்சம் ஒன்பது வேலியோரம் இறங்கியது.
இலைக்குள்ளே ஏதோ புழு
வெள்ளைக் கோட்டில் வளைத்து வளைத்து எழுதியிருந்தது.
நாளுக்கு நூற்றெழுபது வீட்டு எண் வாசிக்கிறவன் நான்,
ஓர் இலக்கமும் பிடிபடவில்லை.

முதல் வருடம் பூக்கவில்லை.
பூக்காது என்று குணபால முன்பே சொன்னார்.
பவளராணியிடம் நான்தான் சொல்லவில்லை.

அடுத்த ஐப்பசி மழையில்
வீட்டுக்குப் பின்மேட்டில் ஒரு வெடிப்பு.
முதல் நாள் கை நுழைந்தது.
மூன்றாம் நாள் கால்.
அதிகாரிகள் நாடா பிடித்து அளந்தார்கள்,
சுவரில் சிவப்பாய் ஒரு குறி.
பள்ளிக்கூட மண்டபத்தில் பதினெட்டு இரவு.
பிறகு சந்தியில் வாடகை அறை,
ஜன்னலைத் திறந்தால் இன்னொரு சுவர்.

போகும்முன் ஒரு செடியைக் கிளப்பிப் பார்த்தேன்.
வேர் கரட் போல நேரே கீழே போயிருந்தது,
பாதியில் முறிந்தது கைக்குத் தெரிந்தது.
வாளியில் மூன்று நாள் நின்றது.
மற்றதைத் தொடவில்லை.

பங்குனியில் பாதை திறந்தது.
என் வட்டத்தில் அந்த லயனும் உண்டு.
ஆறு வீடு, ஆறு மீற்றர்,
நாய்கூட இல்லை.
நான்காவது என்னுடையது.
கண்ணாடியைத் துடைத்தேன்: 04417.
போன தரமும் 04417.

வேலியோரம் எட்டில் ஐந்து பூத்திருந்தது.
தலை கவிழ்ந்து, பின்னால் ஐந்து வால் தூக்கி,
அடகில் கிடக்கிற ஜிமிக்கி மாதிரி.
பங்களாவில் நீலம்.
இங்கே நான்கு கத்தரிப்பூ நிறம்,
ஒன்று, எந்த மகரந்தம் கலந்ததோ, வெளிறிய மஞ்சள்.
படம் எடுத்து அனுப்பினேன்.
"சிவப்பு இல்லையா?" என்று எழுதினாள்.

வெடிப்பு அப்படியே இருந்தது,
உள்ளே புல் முளைத்து.

பூச்சியம் அலகு என்று குறித்தேன்.
நிலையான கட்டணம் எப்படியும் உண்டு.
பழக்கத்தில் பட்டியலைக் கதவிடுக்கில் செருகிவிட்டு,
நாலடி நடந்து, திரும்பி வந்து
உருவி எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதமும் வாசிக்க வரவேண்டும்.
காய் வெடிக்க
ஏறக்குறைய அவ்வளவு நாள்தான் பிடிக்கும்.