தின்னுமாங்க

இருபத்தெட்டு டிகிரி.
அரை டிகிரி குறைந்தாலும் சிவப்பு விளக்கு எரியும்,
பூங்கோதை கொட்டாவியோடு எழுந்து வருவாள்.
பவானிசாகரில், அணைக்கு முதுகு காட்டிய இந்த அறையில்
மூன்று கண்ணாடிக் குடுவையும் ஒரு ரப்பர் குழாயும் சேர்ந்து
ஒரு ரோகுக் கெண்டையின் குடல்.

கெண்டைக்கு இரைப்பை கிடையாது.
சேர்த்துவைக்க இடமில்லாத உயிர்
பகல் முழுக்க மேய்ந்துகொண்டே இருக்கும்.
அதனால் அமிலக் குடுவையை அலமாரியில் ஏற்றிவிட்டோம்,
இப்போது அதில் பேனாக்கள்.
மிச்சத்தை பி.எச். ஏழரையில் நிறுத்த வேண்டும்.
ஏழரை என்றதும்
சென்னியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

டி.வி.எஸ். எக்ஸெல்லில் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர் அவர்.
கோபியில் பட்டு நூற்கும் கொட்டகையில்
நூல் போனபின் மிஞ்சிய கூட்டுப்புழு,
வெயிலில் காயவைத்து அரைத்தது.
நாற்றம் மாடிவரை போய் யாரையோ இருமவைத்தது.
"கருவாட்டுத் தூளு வாங்கிக் கட்டுப்படியாகலீங்க.
நாகப்பட்டினத்தை அள்ளிட்டு வந்து
சத்தியமங்கலத்துக் குட்டையில கொட்டுற கணக்குங்க."

உருளை குழாயை மூன்று தரம் அமுக்கும், ஒரு தரம் விடும்.
அமுக்கும். விடும்.
பழுப்புக் கஞ்சி நகர்ந்துபோகும்.

அந்தச் செரிமானச் சாறு சும்மா வரவில்லை.
பங்குனியில் பன்னிரண்டு மீன்.
கிராம்பெண்ணெய் கலந்த தண்ணீரில் மயங்கவைத்து
நான்தான் கீறினேன்.
ஒன்றின் குடலை மேசைமேல் நீட்டினேன்,
மேசை போதவில்லை.
பழைய முறையில் ஒரு தீவனத்துக்கு முந்நூறு மீன் போகும்.
பன்னிரண்டு குறைச்சல்தான்.
பூஜ்ஜியம் இல்லை என்று
பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்,
யாரும் கேட்டதில்லை.

நான்காம் ராத்திரி எண் வந்தது.
கருவாட்டுத் தூள் நூற்றுக்கு எழுபத்தாறு.
புழு எழுபத்தொன்று.
ஐந்து குறைந்ததற்குத் தோலின் உமி காரணமாயிருக்கலாம்,
அல்லது நான்.

"கண்ணாடி செரிச்சிருச்சுங்க" என்றேன்.
அவர் குடுவைக்குள் எட்டிப் பார்த்தார்,
உள்ளே யாராவது இருப்பார்கள் என்பதுபோல.
"செரிச்சது செரிங்க.
தின்னுமாங்க?"

அதற்கு என்னிடம் குழாய் இல்லை.
கண்ணாடி இதுவரை எதையும் வேண்டாமென்றதில்லை,
ஊற்றினால் வாங்கிக்கொள்ளும்.
மோந்து பார்க்காது. துப்பாது.
பக்கத்தில் வந்துவிட்டு வால் திருப்பிப் போகாது.
பசிக்காத வயிற்றுக்கு
மறுக்கவும் வராது.

சனிக்கிழமை அவர் பின்னால் உட்கார்ந்து போனேன்,
மடியில் இரண்டு கிலோ புழுத்தூள் உருண்டை.
கீழ்பவானி வாய்க்கால் கசிவில் நிரம்பிய குட்டை,
கரையில் மஞ்சள் காடு,
மூங்கில் கழியில் தொங்கும் ஓட்டைச் சாக்கு.
உருண்டையைச் சாக்கில் கொட்டிவிட்டு
இருவரும் சத்தம் போடாமல் நின்றோம்.
தண்ணீர் சும்மா இருந்தது.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது
எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது,
வயிறு சத்தமாகவே சொன்னது.
சென்னியப்பன் டிக்கியிலிருந்து ஒரு வர்க்கியை எடுத்து
பார்க்காமலே நீட்டினார்.

ஐந்து நாற்பத்திரண்டு.
சாக்குக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் விரிந்தது.
"தவளைங்க" என்றார்.
கழி அசைந்தது.
காற்றில்லை.
நோட்டைத் திறந்தவள்
வர்க்கித் தூளை ஊதிவிட்டு
எழுதாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.