தொடாதே

களியக்காவிளையில் என் அறை:
ஜன்னலோரம் தமிழ்நாடு,
கட்டிலுக்கு நகர்ந்தால் போன்
கேரளத்துக்கு வரவேற்கும்.

ரப்பர் ஷீட் எடைபோடும் பழைய நிரலை
ராத்திரி ஏஐயிடம் கொடுத்தேன்.
நடுவில் நான் 2011இல் விட்ட குறிப்பு:
'தொடாதே. ஏன் ஓடுகிறதென்று தெரியாது. விஜிலா.'

மூன்று நாள் தூங்காமல் எழுதிய வரி.
கடைக்காரர் பென்சிகர் மரச்சீனி அவித்து வந்து
ஓடுதா, போதும் மக்கா என்றார்.

நான்கு நொடியில் பதில்:
தராசு ஒரே எடையை இருமுறை அனுப்பியது,
உங்கள் வரி இரண்டாவதை விழுங்கியது.
புதுத் தராசுக்குத் தேவையில்லை. நீக்கட்டுமா?

இவ்வளவுதானா.
பதினான்கு வருடம் பயந்து
சுற்றிப்போன கிணறு முழங்கால் ஆழம்.

பெயரைக் கொஞ்சம் பார்த்துவிட்டு
நீக்கு என்றேன்.
அடுத்த வருடத்தைப் பற்றி அதனிடம் கேட்கவில்லை.
கட்டிலுக்கு நகர்ந்தேன்.
போன் மறுபடி வரவேற்றது.