ஹர்த்தால் நாள்

அந்தப் பக்கம் ஹர்த்தால்.
களியக்காவிளை செக்போஸ்ட்டோடு பஸ்கள் திரும்பிவிட்டன.
பாறசாலைப் பிள்ளைகள் ஒருத்தியும் வரவில்லை.
எட்டு பி-யில் பத்தொன்பது பேர்.
பினிதாவின் இடத்தில்
என் குடை உட்கார்ந்திருந்தது.

"பாதிப் பேருக்கு எடுத்தால்
மீதிப் பேருக்கு யார் எடுப்பது?"
சாக்பீஸைப் பெட்டியில் போட்டார் சிஸ்டர் லிகோரி.

மூன்று நாளாய் எரியாத வராந்தா விளக்குக்குக் கீழே
எங்களை நிறுத்தி
மெயினை அணைத்தார்.
மாதா சுரூபத்தைச் சுற்றிய சீரியல் பல்புகள் போயின.
ஆபீஸில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

பீங்கான் ஃபியூஸைப் பிடுங்கி
என் உள்ளங்கையில் வைத்தார். சூடில்லை.
கருகியதை எடு.
ஒற்றை இழை போதும்.
தடித்த கம்பி போட்டால்
ஃபியூஸ் போகாது, வீடு போகும்.
ஜெபமாலை உருட்டும் விரல்கள்
திருகாணியைக் கால் சுற்று இறுக்கின.
முக்காட்டில் ஒட்டடை; யாரும் சொல்லவில்லை.
பிறகு, நீ போடு என்றார்.
போட்டேன்.
பகல் பதினொன்றரைக்கு
வராந்தா முழுக்க வெளிச்சம்.

மறுநாள் பினிதா
தேதி எழுதிய நோட்டோடு வந்தாள்.
"நேத்து என்ன எடுத்தது?"

"ஒண்ணும் எடுக்கல்ல."

கம்பி கிழித்த கட்டைவிரல்
பாவாடை மடிப்புக்குள் இருந்தது.