மணிக்கு நாலரை

"எத்தனை கிலோ?" என்று கேட்டேன்.
பவுசியா இரண்டு கைகளையும்
தராசுத் தட்டுகள் போல ஏந்தினாள்.
"வெங்காய மூட்டை அம்பது, மிஸ்.
அதைவிட இவர் ஒரு பத்துக் கூட இருப்பார்."
புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிறவர்
மூட்டையாலேயே நிறுக்கப்பட்டார்.

அறுபது என்று எழுதினேன்.

நோரட்ரனலின் நாலு மில்லிகிராம்,
ஐம்பது மில்லிவரை டெக்ஸ்ட்ரோஸ்.
ஒரு மில்லிக்குள் எண்பது மைக்ரோகிராம்.
கிலோவுக்கு, நிமிடத்துக்கு, புள்ளி ஒன்று.
அறுபதால் பெருக்கு, அது உடம்பு.
மறுபடி அறுபதால், அது மணி.
மருதானைப் பக்கம் ஒரு ரயில் இரைந்து போகிறது,
எங்கே விட்டேன்,
முந்நூற்றறுபது,
எண்பதால் வகு.
நாலரை.

நில்மினி என் விடையைப் பார்க்காமல்
தன் தாளில் தனியே போட்டாள்,
வாய்க்குள் சிங்களத்தில் முணுமுணுத்தபடி.
அவளுக்கும் நாலரைதான்.
பிறகு சிரிஞ்சில் நான் ஒட்டிய லேபலை
விளக்கடியில் பிடித்து,
தன் உடைந்த தமிழில் கேட்டாள்:
"இவருக்கு நாற்பத்தைந்தா போகுது?"

ஈரக் கையுறை பட்டுப்
புள்ளி கரைந்திருந்தது.

முதலாம் வகுப்பில் சொல்லித் தந்தது:
தலையில் புள்ளி வைத்தால்
எழுத்து தன் உயிரை விடும்.
இங்கே, வைக்காவிட்டால்.

புது லேபல்.
புள்ளியை இரண்டு தரம் அழுத்தினேன்.
ஒன்பது நாற்பதுக்கு பம்ப் ஓடத் தொடங்கியது.

இரண்டு மணிக்கு மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இருமி எழும்பும்வரை
இருட்டில் அந்தப் பச்சை எண் மட்டும்,
பற்றரியில், தன் பாட்டில்.
அழுத்தம் ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று.
அறுபத்தாறில் நான் உட்கார்ந்தேன்.

ஆறரைக்கு மேல்மாடியிலிருந்து
நிறுக்கிற கட்டில் வந்து சேர்ந்தது,
நேற்றே கேட்டது.
ஐம்பத்தாறு கிலோ.
பவுசியா கதவருகில் நின்று
என்னிடம் மன்னிப்புக் கேட்பவள் போலச் சொன்னாள்:
"நோன்பு மாசம் முழுக்க மூட்டை தூக்கினவர்.
அதில கரைஞ்சிருப்பார்."

நாலு கிலோ. வெட்டி எழுதினேன்:
மணிக்கு நாலு புள்ளி இரண்டு.
சிரிஞ்சில் பத்து மில்லி மிச்சம்.
ஒன்பதுக்குச் சற்று முன் அது தீரும்போது
நான் வெள்ளவத்தையில் தூங்கிக்கொண்டிருப்பேன்.

பகல் தாதிக்குக் குறிப்பு:
எட்டரைக்கே அடுத்ததைக் கலந்து வைக்கவும்.
எடை கட்டிலில் பார்த்தது,
மூட்டையில் அல்ல.