டிராகன் ரயில்

கிளம்பும் முன்பே அவள் இடது கையில்
நீல ஜெல் பேனாவால் என் நம்பரை எழுதிவிட்டேன்.
பத்து இலக்கம், இரண்டு வயதுக் கை.
கடைசி மூன்றும் முழங்கை மடிப்புக்குள் போய்விட்டன.
நடுவில் இருந்த எட்டைப் பார்த்து
"பூச்சி" என்றாள் ருத்விகா.

மாங்கனிக் கண்காட்சியின் கடைசி ஞாயிறு.
பர்கூர் வந்திருந்தது, வேப்பனப்பள்ளி வந்திருந்தது,
ஊத்தங்கரை ஒரே டெம்போவில் வந்து இறங்கியது.
முனிராஜுக்கு ஓசூரில் இரண்டாம் ஷிப்ட்.
"அடுத்த வருஷம் போலாமே,
இப்ப அவளுக்கு என்ன தெரியும்?" என்றிருந்தார்.
என்ன தெரியும் என்று பார்க்கத்தான் வந்தேன்.

இடுப்புப் பிள்ளைக்கு டிக்கெட் இல்லை.
இறக்கிவிட்டால் உண்டா என்று கேட்கவில்லை.
இறக்கிவிட்டால் அவளுக்குத் தெரிவது
லுங்கி, ஜீன்ஸ், புடவைக் கொசுவம்,
யாரோ ஒருவரின் கட்டைப்பையில் நசுங்கும் சிப்ஸ்.

உள்ளே மாம்பழங்கள் காகிதத் தட்டுகளில்
வளர்த்தவர் பெயரோடு உட்கார்ந்திருந்தன,
பரீட்சை எழுத வந்த பிள்ளைகளைப் போல.
மல்கோவா, இமாம்பசந்த், பீத்தர்.
"தொடக்கூடாதும்மா" என்றார் காவலாளி.
அவள் பழத்தைக் கேட்கவே இல்லை.
முன்னால் கட்டியிருந்த கயிற்றைக் கேட்டாள்.
தரவில்லை என்று
ராட்டினம் வரை அழுதாள்.

அப்போது மைக்:
"நீலச் சட்டை, மூணு வயசு இருக்கும்,
பேரு கேட்டா தம்பிங்கிறான்,
அவங்கம்மா எங்க இருந்தாலும்..."
பிறகு அதையே தெலுங்கில்.
எங்களில் எத்தனையோ பேர்
ஒரே நேரத்தில் குனிந்து பார்த்தோம்.
என் பிள்ளை மஞ்சள் கவுனில், பெண்ணாக,
என் இடுப்பிலேயே இருந்தாள்.
இருந்தும் ஒரு தரம் தொட்டுப் பார்த்தேன்.

டிராகன் ரயிலுக்கு அறுபது ரூபாய்.
வரிசை என்று சொன்னார்கள்,
அது வரிசையாக இல்லை. ஒரு மாவுப் பிசைவு.
நாற்பது நிமிடத்தில் எட்டு அடி நகர்ந்தோம்.
மிளகாய் பஜ்ஜி ஒன்று என் தோளில் எண்ணெய் வைத்தது.
முன்னால் நின்றவள் அவளுடைய பையனிடம்
"இந்தா வந்துட்டோம், இந்தா வந்துட்டோம்" என்று
வராமலே சொல்லிக்கொண்டிருந்தாள்.
எங்கள் முறை வந்தபோது
ருத்விகா தூங்கிவிட்டாள்.
வாய் திறந்து, வலது செருப்பு இல்லாமல்.

"பாப்பா தூங்குதேக்கா."
"எழுப்பினா அழும்ப்பா."
"டிக்கெட் திருப்பி எடுக்க மாட்டாங்க.
நீ உக்காருக்கா, வெயிட்டு தாங்கும்."

உட்கார்ந்தேன்.
முழங்கால் முகவாயில் இடிக்க,
பச்சைப் பல்லிளிக்கும் தகரத் தலைக்கு
மூன்றாவது பெட்டியில், என் இருபத்தொன்பதாவது வயதில்.
ஒவ்வொரு சுற்றிலும்
ஜெனரேட்டர் வந்தது, சோளம் சுடுபவர் வந்தார்,
மரணக் கிணற்றின் பெட்ரோல் வாசம் வந்தது,
சையத் பாஷா மலை இருட்டாக வந்து போனது.
கம்பிக்கு வெளியே எல்லோரும்
அவரவர் பிள்ளைக்குக் கையசைத்தார்கள்.
எனக்கும் ஒருவன் அசைத்தான்.
ரயில்காரன்.
இறங்கச் சொல்லி.

ஆனால் நடுவில் ஒரு வளைவில்
வயிறு கொஞ்சம் எழும்பியதே,
அதை யாரிடமும் சொல்லவில்லை.

வாசலில் போலீஸ் கூடாரம்.
பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு நீலச் சட்டை,
முகத்தைவிடப் பெரிய டெல்லி அப்பளத்தோடு.
"இவங்கம்மா இன்னும் வரலீங்களா?"
பெண் காவலர் செல்போனிலிருந்து நிமிர்ந்தார்.
"அவங்க அப்பவே வந்து, ரெண்டு வச்சு,
கூட்டிட்டுப் போயிட்டாங்களே.
இது வேற தம்பி."

வேற தம்பி என்னைப் பார்த்தான்.
நான் அவன் கையைப் பார்த்தேன்.
எண் எதுவும் இல்லை. அப்பளத் தூள்.
அவனோடு கொஞ்ச நேரம் நின்றேன்.
ஒரு நைட்டிக்காரப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்ததும்
கடைசி பஸ்ஸுக்கு நானும் ஓடினேன்.

இரவு ஒரு மணிக்கு முனிராஜ் வந்து
சாப்பிட்டுக்கொண்டே என் கழுத்தைப் பார்த்தார்.
"என்னது, ஊதா ஊதாவா?"
கண்ணாடியில் பார்த்தேன்.
அவள் கை சுற்றிக் கிடந்த இடத்தில், வியர்வையில்,
என் நம்பர் என்மேலேயே பதிந்திருந்தது,
அரைகுறையாக.
கழுவிக்கொள்ளலாம் என்று எழுந்து
கழுவாமல் படுத்துவிட்டேன்.

விடியற்காலை அவள்தான் முதலில் எழுந்தாள்.
ரயிலைக் கேட்கவில்லை, செருப்பைக் கேட்கவில்லை.
என் கழுத்தருகே முகத்தைக் கொண்டுவந்து
வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.
"பூச்சி!"

ஓங்கி ஒரு அடி.